இரண்டு மெட்டீரியல் கொடுத்தும் பட்டை வளையவில்லை (கால்குலிக்ஸ், ஜிமெஷ்)

வெப்பத்தகடு:

எல்லோருக்கும் வணக்கம். எம்.இ. டிசைன் படிக்கிறேன். பைமெட்டல் பட்டை (இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை) ஒன்றைக் கால்குலிக்ஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் செய்து பார்க்கிறேன். கீழே 1 மி.மீ. ஸ்டீல், மேலே 1 மி.மீ. அலுமினியம், நீளம் 100 மி.மீ. இடது ஓரம் முழுக்கப் பிடிக்கப்பட்டிருக்கிறது. 20 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குச் சூடாக்குகிறேன். வேறு எந்தச் சுமையும் இல்லை. மெஷ் (பாகத்தை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) ஜிமெஷ் என்ற மென்பொருளில் போட்டது. 2டி பிளேன் ஸ்ட்ரெஸ் (அகல வாட்டத்தில் ஸ்ட்ரெஸ் இல்லை என்று கொள்வது), எட்டு நோடு (எலிமென்டுகளை இணைக்கும் புள்ளி) உள்ள சிபிஎஸ்8 எலிமென்ட், ஒவ்வொரு உலோகத்துக்கும் தடிமனில் நான்கு வரிசை.

கொடுத்த மதிப்புகள்: ஸ்டீலுக்கு யங் மாடுலஸ் (விறைப்பு) 2,10,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, வெப்ப விரிவு 12 × 10⁻⁶. அலுமினியத்துக்கு 70,000, 0.33, 23 × 10⁻⁶.

முதலில் ஓட்டியபோது ஏதோ ஒரு எலிமென்டுக்கு மெட்டீரியல் கொடுக்கப்படவில்லை என்று எரர் வந்து நின்றுவிட்டது. எல்லா எலிமென்டையும் சேர்த்து ஈஆல் என்று ஒரு செட் (தொகுப்பு) உருவாக்கி, அதற்கும், எந்த செட்டுக்கு எந்த மெட்டீரியல் என்று சொல்லும் ஒரு சாலிட் செக்‌ஷன் வரி போட்டேன். எரர் போய்விட்டது. இப்போது இன்புட் கோப்பில் வரிசை இப்படி இருக்கிறது: ஸ்டீல் செட்டுக்கு ஸ்டீல், அலுமினியம் செட்டுக்கு அலுமினியம், கடைசியில் ஈஆல் செட்டுக்கு ஸ்டீல்.

கணக்கு ஓடி முடிகிறது. ஆனால் பட்டை வளையவே இல்லை. நேராக 0.12 மி.மீ. நீள்கிறது, அவ்வளவுதான். அலுமினியத்தின் மாடுலஸை மாற்றிப் பார்த்தாலும் விடை கொஞ்சமும் அசையவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பழைய_பட்டறை:

தம்பி, தேவையான தகவல் முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் சுலபமாகச் சொல்லிவிடலாம். 0.12 என்ற எண்ணைப் பாருங்கள். 12 × 10⁻⁶ ஐ 100 டிகிரியாலும் 100 மி.மீ. நீளத்தாலும் பெருக்கினால் 0.12 மி.மீ. வருகிறது. முழுப் பட்டையும் ஸ்டீலாக இருந்தால் இவ்வளவுதான் நீளும். முழுவதும் அலுமினியமாக இருந்தால் 0.23 வந்திருக்கும். ஆக உங்கள் மாடலில் அலுமினியமே இல்லை. அலுமினியத்தின் மாடுலஸை மாற்றியும் விடை அசையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கால்குலிக்ஸ் சாலிட் செக்‌ஷன் வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரியும் தன் செட்டில் உள்ள எலிமென்டுகளுக்கு ஒரு மெட்டீரியல் எண்ணை எழுதி வைக்கும். அதே எலிமென்ட் இன்னொரு வரியில் மறுபடி வந்தால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். கடைசி வரி சொன்னதுதான் நிற்கும். உங்கள் கோப்பில் ஈஆல் கடைசியில் வருவதால் மேலே ஒதுக்கிய அலுமினியம் முழுக்கப் போய்விட்டது. இதற்கு எரர் வராது, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை எல்லா எலிமென்டுக்கும் மெட்டீரியல் இருக்கிறது.

ஈஆல் வரியை முதலில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் கீழே வைத்தால் பட்டை வளையும். ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் வந்த எரர் எதனால் வந்தது என்பது அப்போதும் தெரியாமலே இருக்கும். மெட்டீரியல் இல்லாமல் நின்ற எலிமென்டுகள் எவை? ஈஆல் வரியை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள், எரரில் எலிமென்ட் எண் இருக்கும். அந்த எண்ணைக் கோப்பில் தேடினால் பெரும்பாலும் டி3டி3 என்ற தலைப்பின் கீழே இருக்கும். அவை கோட்டு எலிமென்டுகள். இடது ஓரத்தைப் பிடிப்பதற்காக ஜிமெஷில் அந்த ஓரக் கோட்டுக்கு ஒரு பிசிக்கல் குரூப் (பெயரிட்ட தொகுப்பு) கொடுத்திருப்பீர்கள். ஜிமெஷ் அதையும் எலிமென்டுகளாகவே எழுதித் தரும். கால்குலிக்ஸ் அவற்றை ட்ரஸ் (இழுவை, அமுக்கம் மட்டும் தாங்கும் கம்பி) என்று எடுத்துக்கொண்டு, இதற்கு மெட்டீரியல் எங்கே என்று கேட்கிறது.

அந்த டி3டி3 பகுதியைக் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். பிடிப்பதற்கு உங்களுக்கு வேண்டியது நோடு செட் மட்டும்தான்.

"மெட்டீரியல் இல்லை" என்று வரும் எரரை ஒருபோதும் ஈஆல் போட்டு மூடாதீர்கள். மாடலில் நாம் நினைக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது. 3டியில் இதே விஷயம் இன்னும் மோசம். மேற்பரப்பு முக்கோணங்கள் உள்ளே வந்துவிட்டால், அவற்றுக்கும் செக்‌ஷன் கொடுத்து, திட உடலின் தோல்மேல் ஒரு தகடு ஒட்டியதுபோல் ஆகிவிடும். விறைப்பு கூடிப்போகும், படத்தில் ஒன்றும் தெரியாது.

நுண்கண்ணி:

ஜிமெஷ் பக்கம் சில விஷயங்கள் சேர்க்கிறேன். இந்த மாதிரிக் கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன.

ஜிமெஷில் பிசிக்கல் குரூப் ஒன்றுகூட இல்லாவிட்டால், கோடு, பரப்பு, கன அளவு எல்லாவற்றின் எலிமென்டுகளையும் எழுதிவிடும். ஒரே ஒரு குரூப் வைத்துவிட்டாலும், அதன்பிறகு குரூப்பில் இருப்பதை மட்டும்தான் எழுதும். அதனால் இரண்டு பாகத்தில் ஒன்றுக்குக் குரூப் வைக்க மறந்தால் அந்தப் பாகம் கோப்பிலேயே இருக்காது. திரையில் மெஷ் முழுசாகத் தெரியும், சேமித்த கோப்பில் பாதி இருக்காது. எலிமென்ட் எண்ணிக்கையை இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நோடு செட்டுக்கு "சேவ் குரூப்ஸ் ஆஃப் நோட்ஸ்" என்ற மெஷ் ஆப்ஷனை 1 என்று வையுங்கள். ஓரக் கோட்டின் நோடுகள் செட்டாக வந்துவிடும். கோட்டு எலிமென்டுகளை அப்புறம் தைரியமாக அழிக்கலாம்.

எட்டு நோடு நாற்கரம் வேண்டும் என்றால் எலிமென்ட் ஆர்டரை 2 என்று வைத்தால் மட்டும் போதாது, "செகண்ட் ஆர்டர் இன்கம்ப்ளீட்" என்பதையும் 1 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒன்பதாவது நோடு வந்து நிற்கும்.

அடுத்தது முக்கியம். இரண்டு செவ்வகத்தையும் தனித்தனியாக ஜிமெஷின் ஓபன்கேஸ்கேட் கெர்னலில் (வடிவம் வரையும் பகுதி) வரைந்தீர்களா? அப்படியானால் நடுக்கோடு ஒரே இடத்தில் இரண்டு கோடாக இருக்கும், நோடுகளும் இரட்டையாக இருக்கும். பார்வைக்கு ஒட்டியிருப்பது போலத் தெரியும், உண்மையில் ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் தொடர்பே இருக்காது. பூலியன் ஃபிராக்மென்ட்ஸ் (ஒட்டும் வடிவங்களைப் பொது எல்லையில் இணைக்கும் கட்டளை) போட்டால்தான் நடுக்கோடு ஒன்றாகி, இரு பக்க எலிமென்டுகளும் அதே நோடுகளைப் பகிரும். ஃபிராக்மென்ட்ஸுக்குப் பிறகு பரப்புகளின் டேக் எண்கள் மாறக்கூடும். எனவே பிசிக்கல் குரூப்பை அதற்குப் பிறகு வையுங்கள். முன்னாலேயே எண்ணைக் குறித்து வைத்துவிட்டுப் பின்னால் அதே எண்ணைப் பயன்படுத்தினால், ஸ்டீல் என்ற பெயர் அலுமினியத்தின்மேல் போய் உட்காரும்.

இந்தப் பிழையையும் உங்கள் பிழையையும் பிரித்துப் பார்ப்பது எளிது. நோடு ஒட்டாமல் இருந்தாலும் பட்டை வளையாது, ஆனால் முனையில் ஸ்டீல் 0.12, அலுமினியம் 0.23 என்று படி விழுந்த மாதிரி இருக்கும். உங்களுக்கு முனை முழுக்க 0.12 என்பதால் பட்டறை அண்ணன் சொன்னதுதான்.

ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளில் இதைச் செய்பவர்களுக்கு: அங்கேயும் பூலியன் ஃபிராக்மென்ட்ஸ்தான், ஆனால் மோடை காம்ப்சாலிட் என்று மாற்ற வேண்டும். பல மெட்டீரியல் இருக்கும்போது ஒரே ஒரு மெட்டீரியலுக்கு மட்டும் பாகம் எதையும் தேர்ந்தெடுக்காமல் விடலாம், மிச்சம் எல்லாம் அதற்குப் போய்ச் சேரும். வசதிதான். ஆனால் எது மிச்சம் என்று நாம் கண்ணால் பார்க்காமல் விடுவதில் ஆபத்து இருக்கிறது. எல்லாப் பாகத்தையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பதையே நான் விரும்புவேன்.

வெப்பத்தகடு:

மிக்க நன்றி அண்ணா, நுண்கண்ணி அவர்களுக்கும் நன்றி. எரர் சொன்ன எண் டி3டி3 பகுதியில்தான் இருந்தது. அவற்றை நீக்கி, ஈஆல் வரியையும் எடுத்துவிட்டேன். நடுக்கோடு ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது பட்டை ஸ்டீல் பக்கமாக வளைகிறது, முனை 3.8 மி.மீ. கீழே போகிறது.

இது சரியான விடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, நீள வாட்டத்தில் ஸ்ட்ரெஸ் பார்த்தேன். பட்டையின் நடுப்பகுதியில், ஸ்டீலின் கீழ் முகத்தில் −62, அலுமினியத்தின் மேல் முகத்தில் +9, இரண்டும் சேரும் கோட்டில் +27 மெகாபாஸ்கல். சேரும் கோட்டில்தான் அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். 27 குறைவாகத் தெரிகிறது.

பழைய_பட்டறை:

3.8 சரி. டிமோஷென்கோ 1925ல் பைமெட்டல் பட்டைக்கு வளைவுச் சூத்திரம் கொடுத்திருக்கிறார். இரண்டு தடிமனும் சமமாகவும் மாடுலஸ் விகிதம் 3 ஆகவும் இருக்கும்போது அது இப்படிச் சுருங்கும்: வளைவு = 1.385 × விரிவு வித்தியாசம் × வெப்ப உயர்வு ÷ மொத்தத் தடிமன். உங்கள் எண்களைப் போட்டால் 1.385 × 0.0011 ÷ 2, அதாவது மி.மீ.க்கு 0.00076. அதை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 3.8 மி.மீ.

உங்கள் 27 தான் இந்த இழையிலேயே முக்கியமான எண். அந்த 27 ஸ்டீலிலும் இல்லை, அலுமினியத்திலும் இல்லை.

அதே சூத்திரத்திலிருந்து சேரும் கோட்டின் ஸ்ட்ரெஸைக் கணக்கிட்டால், ஸ்டீல் பக்கம் +98, அலுமினியம் பக்கம் −44 வரும். ஒரே இடத்தில் ஒன்று இழுவை, மற்றொன்று அமுக்கம். விநோதமாகத் தெரியலாம், ஆனால் அங்கே தொடர்ச்சியாக இருக்க வேண்டியது நீட்சிதான். சரிபார்ப்போம். ஸ்டீல்: 98 ÷ 2,10,000 = 0.00047, வெப்ப நீட்சி 0.00120, கூட்டினால் 0.00167. அலுமினியம்: −44 ÷ 70,000 = −0.00063, வெப்ப நீட்சி 0.00230, கூட்டினால் 0.00167. இரண்டும் ஒட்டியே நீள்கின்றன, ஸ்ட்ரெஸ் மட்டும் தாவுகிறது. தாவத்தான் வேண்டும்.

இப்போது 98ஐயும் −44ஐயும் கூட்டி இரண்டால் வகுங்கள். 27.

கால்குலிக்ஸ் எஃப்ஆர்டி (படமாகப் பார்க்கும் விடை) கோப்பில் நோடுகளில் ஸ்ட்ரெஸ் எழுதும்போது, அந்த நோடைச் சுற்றியுள்ள எலிமென்டுகள் எல்லாவற்றின் மதிப்பையும் எடுத்துச் சராசரி போடுகிறது. பக்கத்து எலிமென்ட் வேறு மெட்டீரியலா என்று பார்ப்பதில்லை. ஒரே மெட்டீரியலுக்குள் இந்தச் சராசரி நல்லதுதான். இரண்டு மெட்டீரியல் சேரும் கோட்டில் அது உண்மையை மறைத்துவிடும். ஸ்டீலில் 98 இருக்கும் இடத்தை 27 என்று நம்பி டிசைன் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் படம் வழவழப்பாக, அழகாக இருக்கும், சந்தேகமே வராது. மெட்டீரியலைச் சரியாக ஒதுக்கிய பிறகு வரும் இந்தச் சிக்கலை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

உண்மையான மதிப்பைப் பார்க்க இரண்டு வழி. ஈஎல் பிரிண்ட் கட்டளை போட்டு, ஸ்டீல் செட்டுக்கும் அலுமினியம் செட்டுக்கும் தனித்தனியாக இன்டெக்ரேஷன் பாயின்ட் (எலிமென்டுக்குள் ஸ்ட்ரெஸ் கணக்கிடும் புள்ளி) மதிப்புகளை டாட் (விடையை எண்களாகத் தரும்) கோப்பில் வாங்குங்கள். அந்தப் புள்ளிகள் கோட்டின்மேல் இருக்காது, கொஞ்சம் உள்ளே இருக்கும். தடிமன் வாட்டத்தில் வரைந்து நேர்கோடாகக் கோடு வரைக்கும் நீட்டினால் 98ம் −44ம் கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டு பாகத்துக்கும் தனித்தனி நோடு வைத்து டை (இரு முகங்களை ஒட்டவைக்கும் கட்டளை) மூலம் இணைக்கலாம். நோடு பகிராததால் சராசரியும் கலக்காது. டை போடும்போது மெஷ் நுணுக்கமான பக்கத்தை ஸ்லேவாக (மற்றதைப் பின்பற்றும் பக்கமாக) வையுங்கள்.

ஒரு விஷயம்: வலது முனைக்குப் பக்கத்தில், சேரும் கோடு வெளியே வரும் இடத்தில், மெஷை எவ்வளவு நுணுக்கினாலும் ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும். அது சிங்குலாரிட்டி (கணக்கில் ஸ்ட்ரெஸ் முடிவிலிக்குப் போகும் புள்ளி). அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒப்பீட்டுக்கு நீளத்தின் நடுப்பகுதியை எடுங்கள்.

கட்டுமானி:

நல்ல இழை. எங்கள் சிவில் பக்கத்திலிருந்து ஒன்று. எந்த செட்டுக்கு எந்த மெட்டீரியல் என்பது சரியாக இருந்தாலும், அந்த மெட்டீரியலுக்கு என்ன மதிப்பு என்பதில் கோளாறு வரும். ஐஎஸ் 456 (இந்திய கான்கிரீட் கோடு) படி கான்கிரீட்டின் மாடுலஸ், அதன் வலிமையின் வர்க்கமூலத்தை 5000 ஆல் பெருக்குவது. எம்25 (வலிமை 25 மெகாபாஸ்கல்) என்றால் 25,000 மெகாபாஸ்கல். கம்பிக்கு 2,00,000. விகிதம் 8. ஆனால் அதே கோடின் வொர்க்கிங் ஸ்ட்ரெஸ் முறையில் மாடுலர் விகிதத்தை (கம்பி, கான்கிரீட் மாடுலஸ்களின் விகிதம்) 280 ÷ (3 × அனுமதி அமுக்கம்) என்று எடுக்கிறோம், எம்25க்கு அனுமதி 8.5 என்பதால் சுமார் 11 வருகிறது. கான்கிரீட் நாள்பட நாள்பட ஊர்ந்து இளகுவதை ஓரளவு சேர்த்துக்கொண்ட எண் அது. மாடலில் 25,000 என்று போட்டுவிட்டு, பல வருடம் கழித்து வரும் தொய்வை அதிலிருந்து எடுத்தால் குறைவாகத்தான் வரும்.

யூனிட் இன்னொன்று. மி.மீ., நியூட்டன் என்று போனால் அடர்த்தி டன்/கன மி.மீ. ஆக வேண்டும், ஸ்டீலுக்கு 7.85 × 10⁻⁹. ஒரு மெட்டீரியல் நூலகத்திலிருந்து மெகாபாஸ்கலில் வந்து, இன்னொன்று கையால் பாஸ்கலில் அடிக்கப்பட்டால் ஒரு பாகம் பாறை போல அசையாமல் நிற்கும். நான் எப்போதும் செய்வது: புவியீர்ப்பை மட்டும் கொடுத்து ஓட்டி, தாங்கிகளின் மொத்த எதிர்விசையைக் கைக்கணக்கு எடையுடன் ஒப்பிடுவது. இந்தப் பட்டைக்கே 10 மி.மீ. அகலம் என்று வைத்தால் ஸ்டீல் 0.077 நியூட்டன், அலுமினியம் 0.026, மொத்தம் 0.103. இரண்டும் ஸ்டீலாகிவிட்டால் 0.154 வரும், உடனே தெரிந்துவிடும்.

பழைய_பட்டறை:

கட்டுமானி சொன்ன சோதனை அருமை, செலவே இல்லாதது. அது அடர்த்தியைத்தான் சோதிக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாடுலஸில் ஒரு பூஜ்யம் விட்டிருந்தால் எடை சரியாகவே வரும். மாடுலஸுக்கு வளைவு, விரிவுக்கு வெப்பம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. கால்குலிக்ஸுக்கான முகப்பு மென்பொருளான ப்ரீபோமேக்ஸில் மெட்டீரியல் வாரியாக நிறம் போடலாம். கால்குலிக்ஸின் படம் காட்டும் நிரலான சிஜிஎக்ஸில் ஒரு செட்டைச் சிவப்பில் பிளாட் செய்து, பிளஸ் கட்டளையில் அடுத்ததைப் பச்சையில் சேர்த்தால் எங்காவது ஓட்டையோ மேலேறலோ இருக்கிறதா என்று தெரியும். ஆனால் அங்கே நிறம் காட்டுவது செட்டைத்தான். இந்தத் தம்பியின் முதல் கோப்பைப் போட்டிருந்தாலும் சிவப்பும் பச்சையும் மிகச் சரியாகத் தெரிந்திருக்கும்.

எலும்பும்_எண்ணும்:

இரண்டு மூன்று மெட்டீரியல் என்றால் மேலே சொன்னவை போதும். நான் தொடை எலும்பு மாடல்களில் வேலை செய்கிறேன். அங்கே ஒவ்வொரு எலிமென்டுக்கும் மாடுலஸ் வேறு. சிடி ஸ்கேனில் கிடைக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணிலிருந்து (எக்ஸ்ரே எவ்வளவு தடுக்கப்படுகிறது என்ற அளவு) அடர்த்தி, அடர்த்தியிலிருந்து மாடுலஸ். வெளி ஓட்டு எலும்பு 17,000 மெகாபாஸ்கலுக்குப் பக்கத்தில் இருக்கும், உள்ளே இருக்கும் பஞ்செலும்பு சில நூறுகளுக்கும் இறங்கும்.

வழக்கமான வழி, மாடுலஸை வரம்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு மெட்டீரியல், ஒரு செட் என்று ஸ்கிரிப்ட் மூலம் எழுதுவது. எலிமென்ட் ஒன்று ஒரே செட்டில்தான் இருக்கிறதா என்று ஸ்கிரிப்டிலேயே சோதித்துவிடுங்கள். செட்டுகளின் எண்ணிக்கைகளைக் கூட்டினால் மொத்த எலிமென்ட் எண்ணிக்கை வர வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. எலாஸ்டிக் அட்டையில் (இன்புட் கோப்பில் மாடுலஸ் கொடுக்கும் பகுதி) மாடுலஸை வெப்பநிலையோடு சேர்த்து அட்டவணையாகக் கொடுக்கலாம். வெப்ப விரிவு அட்டையைப் போடாமல் விட்டுவிட்டு, ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பொய் வெப்பநிலை கொடுத்தால், ஒரே மெட்டீரியல், ஒரே செட்டில் மாடுலஸ் இடத்துக்கு இடம் மாறும். மெல்ல மெல்ல மாறும் மண் அடுக்கு, எலும்பு போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்கிறது. உங்கள் பட்டைக்கு இது ஆகாது, தம்பி. வெப்பநிலை நோடுகளுக்கு இடையே சீராக மாறுவதால் ஸ்டீலிலிருந்து அலுமினியத்துக்கு ஒரு எலிமென்ட் தடிமனில் வழிந்துவிடும். தவிர, உங்களுக்கு உண்மையான வெப்பநிலையே தேவைப்படுகிறது.

வெப்பத்தகடு:

நன்றி அக்கா. டாட் கோப்பிலிருந்து மதிப்பு எடுத்து நீட்டிப் பார்த்தேன், 98ம் −44ம் வந்துவிட்டன.

கடைசியாக ஒரு சந்தேகம். அதே பட்டையை 20 மி.மீ. அகலத்தில் 3டியாக, சி3டி20ஆர் (இருபது நோடு உள்ள திட) எலிமென்டில் போட்டேன். இந்தத் தடவை முதலிலேயே எடைச் சோதனை செய்தேன், சரியாக இருந்தது. முனை அதே 3.8 மி.மீ. ஆனால் நடுவில், சேரும் கோட்டில் ஸ்டீல் பக்கம் 140க்குப் பக்கத்தில் வருகிறது. மெட்டீரியல் ஏதாவது மாறிவிட்டதா?

பழைய_பட்டறை:

இல்லை, மெட்டீரியல் சரியாகத்தான் இருக்கிறது. 2டி பிளேன் ஸ்ட்ரெஸில் பட்டை அகல வாட்டத்தில் தடையில்லாமல் விரிந்தது. 3டியில் அகல வாட்டத்திலும் அலுமினியம் கூடுதலாக விரியப் பார்க்கிறது, ஸ்டீல் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு திசையிலும் ஒரே அளவு இழுவை என்பதால் மாடுலஸுக்குப் பதிலாக மாடுலஸ் ÷ (1 − பாய்சான் விகிதம்) என்று போட வேண்டும். ஸ்டீலுக்கு 3,00,000, அலுமினியத்துக்கு சுமார் 1,04,500. டிமோஷென்கோ கணக்கை இந்த எண்களில் மறுபடி செய்தால் ஸ்டீல் பக்கம் +141, அலுமினியம் பக்கம் −66. வளைவு மாடுலஸ்களின் விகிதத்தைத்தான் பொறுத்தது, அந்த விகிதம் 3லிருந்து 2.87 ஆகத்தான் மாறியது, அதனால் முனையின் இறக்கம் அப்படியே இருக்கிறது.

பட்டையைக் குறுக்கே பாருங்கள், அந்தத் திசையிலும் லேசாக வளைந்திருக்கும். அலுமினியம் பக்கத்தையும் டாட் கோப்பில் எடுத்து −66 வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.

வெப்பத்தகடு:

−65 வருகிறது அண்ணா, அகலத்தின் நடுவில். ஓரத்துக்குப் போகப் போக மாறுகிறது. குறுக்கு வளைவும் தெரிகிறது. இரண்டு இன்புட் கோப்பையும் இணைத்திருக்கிறேன், 2டி ஒன்று, 3டி ஒன்று. ஜிமெஷ் கோப்பில் ஃபிராக்மென்ட்ஸ் வரிக்குக் கீழேதான் குரூப்புகள் வைத்திருக்கிறேன்.